இரண்டு பழம், மூன்று பிள்ளை

மனிதனை மனிதன் அறியாததே உலகத்துத் துன்பங்கள் அனைத்துக்கும் மூலகாரணம். அந்த மூலகாரணம் 1957-ம் வருஷம் தை மாதம் புதுக்கோட்டையில் அடியோடு ஒழிக்கப்பட்டது. ஒழித்தது, தருநிழல் பிள்ளைகள் இல்லத்தைச் சேர்ந்த குணநிர்ணயப் பிரிவு. பிரிவு என்பது இல்லத்தின் பழைய விறகு அறை. விறகு போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டிருந்தார்கள். மழை பெய்தால் ஒரு நாற்காலிதான்.

பிரிவின் இயக்குநர் ரத்தினவேல் சீமைக்குப் போய் ஆறு வாரம் பயிற்சி பெற்றவர். மனிதர்கள் மொத்தம் ஒன்பது வகை என்று அங்கே கண்டுபிடித்திருந்தார்கள். அதை விளக்கும் தடித்த புத்தகத்தோடு அவர் கப்பலேறித் திரும்பினார். வழியில் தண்ணீர் பட்டு ஒன்பதாம் வகையின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரித்துப் பார்த்ததில் கிழிந்தன. ஆகவே ஒன்பதாம் வகை மனிதர்கள் நம் பக்கத்தில் கிடையாது என்று தீர்மானமாயிற்று.

முதலில் சிப்பந்திகளை நிர்ணயம் செய்தார். குமாஸ்தா நாகராசு ஐந்தாம் வகை, பணிவு. ஆகையால் பதவி உயர்வு அவர் குணத்துக்கு ஒத்துவராது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மீனம்மாள் இரண்டாம் வகை, அன்பு. ஆகையால் இன்னும் இரண்டு பேர் வேலையையும் அவள் தலையில் வைத்தார்கள். காவல்காரர் மதுரைவீரன் எட்டாம் வகை, விழிப்பு. அவர் வாசலில் வாய் பிளந்து தூங்குவதை ஊரே பார்த்திருக்கிறது. ஆனால் அவர் தலைக்கு மேலே சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம் கழித்துத்தான் மணமேல்குடி இருளாண்டி தன் மகளைக் கூட்டிப்போக வந்தான்.

இருளாண்டி வள்ளத்தில் போய் மீன் பிடிக்கிறவன். ஐம்பத்தைந்தாம் வருஷத்துப் புயலில் கடல் ஊருக்குள் வந்தபோது அவன் பெண்டாட்டி ராசாத்தியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. குடிசையும் போயிற்று. மூன்றரை வயது மகள் அழகியைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு பனைமரத்தைக் கட்டிப்பிடித்து நின்றவன், விடிந்ததும் மரத்தை விட்டான். பிள்ளையை விட மனசில்லை. ஆனால் வெறும் மணலில் பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வது? நிவாரணத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள் என்று இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தான். "ஒரு வருசம். குடிசையக் கட்டிப்புட்டு வந்துர்றேன்" என்று மீனம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடி குடிசையைக் கட்டிவிட்டு, புதுப் பாயும் ஒரு சின்னத் தலையணையும் வாங்கிப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

"கூட்டிட்டுப் போகலாம்ண்ணே. அதுக்கு முன்னாடி நீங்க எந்த வகைன்னு பாக்கணும்" என்றார் நாகராசு. "ரெண்டாம் வகையா இருந்தாத்தான் பிள்ளை."

"எங்க வகையறால எல்லாருமே கடல்காரங்கதான்" என்றான் இருளாண்டி.

விறகு அறையில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். சோதிக்கப்படுகிறவன் முகத்தைப் பார்த்தால் தீர்ப்பு கலங்கிவிடுமாம். கேள்விகள் தொண்ணூற்றாறு. அவற்றைச் சீமைப் பாஷையிலிருந்து அவரே தூய தமிழில் ஆக்கியிருந்தார். அந்தத் தமிழைத் தமிழாக்கிச் சொல்வது நாகராசுவின் வேலை.

"தாங்கள் தனிமையில் இன்புறுவீர்களா, அன்றிக் கூட்டத்தில் இன்புறுவீர்களா? அதாவதுண்ணே, தனியா இருந்தா நல்லாருக்குமா, நாலு பேரோட இருந்தா நல்லாருக்குமா?"

"எங்கிட்டுங்க? கடல்லயா, கரையிலயா?"

"அது போடலையே."

"கடல்ல தனியா இருந்தா பயம் வரும். கரையில தனியா இருந்தா அவ நெனப்பு வரும்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கண்ணே. கட்டத்துல டிக்கு போடணும்."

இப்படியே நாற்பது கேள்வி போயிற்று. இருளாண்டிக்கு வேர்த்து ஊற்றியது. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நாற்பத்தொன்றாவது கேள்வி வந்ததும் அவன் முகம் தெளிந்தது. அது அவனுக்குத் தெரிந்த சங்கதி.

"தங்களிடம் இரு பழங்கள் உள. மூன்று குழந்தைகள் பசித்திருக்கின்றனர். எவ்வாறு பங்கிடுவீர்?"

இருபது வருஷமாகக் கரையில் பங்கு பிரிக்கிறவன் அவன். மீன் குவியலுக்கு முன்னால் குந்துவதுபோல் நாற்காலியிலேயே குந்திக்கொண்டான்.

"மொதல்ல வள்ளத்துக்கு ஒரு பங்கு எடுத்து வச்சிரணும். பெறகு வலைக்கு ஒரு பங்கு. மிச்சத்தத்தான் ஆளுக்குப் பிரிக்கணும்."

இயக்குநர் ஜன்னலிலிருந்து திரும்பினார். "வள்ளமா? வள்ளம் எங்கே வந்தது இதில்?"

"வள்ளம் இல்லாம பழம் எப்படிங்கய்யா வரும்?"

"பழம் மரத்திலிருந்து வரும்."

"அப்ப மரத்துக்கு ஒரு பங்கு."

நாகராசு குனிந்து பேனாவைத் தேடினார். பேனா அவர் கையில்தான் இருந்தது.

"குழந்தைகளுக்கு?" என்றார் இயக்குநர்.

"அதுக்கு முன்னாடி போனவ பங்கு ஒண்ணு இருக்குங்கய்யா. கடலுக்குப் போயித் திரும்பாத ஆளுக்கு வருசம் பூராப் பங்கு உண்டு. வீட்டுல கொண்டுபோய்க் குடுத்துருவோம். எம்பொண்டாட்டியும் தண்ணிலதான போனா. அவளுக்கும் எடுத்து வக்கிறேன் நானு. வருசம் முடிஞ்சும் எடுத்து வக்கிறேன். ஆரும் ஒண்ணும் சொல்றதில்ல."

தீர்ப்பை மறுநாள் படித்துக்காட்டினார்கள். நான்காம் வகை: பொருட்பற்று. குறிப்பு: உயிருள்ள குழந்தைகளுக்கு முன்பாக மரச்சாமானுக்கும் இறந்தோருக்கும் உணவு ஒதுக்குகிறார்.

"வருந்த வேண்டாம்" என்றார் இயக்குநர் இரக்கத்தோடு. "நான்காம் வகையினர் நல்ல கிடங்குக் காவலர்களாக விளங்குவர். பிள்ளை மட்டும் கூடாது."

"பிள்ளை ஏற்கெனவே இருக்குங்களேய்யா."

"அது நிர்ணயத்துக்கு முன்பு."

ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அதுவரைக்கும் பிள்ளையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அன்பு செயற்கையாகக் கூடி, சோதனை பிசகிப் போகும். பிள்ளைக்கென்று கொண்டுவந்திருந்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தையும் அதே காரணத்துக்காக வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். எட்டாம் வகை மதுரைவீரன் அன்றைக்கு மட்டும் தூங்கவில்லை.

இருளாண்டி இல்லத்துச் சுற்றுச்சுவரை ஒட்டி நின்றான். உள்ளே பிள்ளைகள் சாயங்காலப் பிரார்த்தனை பாடின. பத்துப் பதினைந்து குரலில் ஒரு குரல் மெல்லிசாக, கொஞ்சம் பிந்தி வந்தது. மற்றதுகள் நிறுத்திய பிறகும் அது ஒரு எழுத்து இழுத்துவிட்டுத்தான் நின்றது. ராசாத்தி தாலாட்டுப் பாடினாலும் அப்படித்தான் இழுப்பாள். இருளாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினான். அதற்குப் பிறகு அமாவாசைக்கு அமாவாசை, கடலுக்குப் போகாத நாளில், பஸ் பிடித்து வந்து அந்தச் சுவரோரம் நின்று அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் போவது என்று வைத்துக்கொண்டான்.

இரண்டாவது சோதனை படம் பார்த்துக் கதை சொல்வது. இயக்குநர் காட்டிய படத்தில் கூரையெல்லாம் வெள்ளையாக ஒரு வீடு, வாசலெல்லாம் வெள்ளை, கோட்டும் குல்லாயும் போட்ட ஒருவர் கையில் ஒரு மண்வெட்டி.

"உப்பளம்" என்றான் இருளாண்டி உடனே. "மழை வாரதுக்குள்ள அள்ளப் பாக்குறாரு. பாவம், ஒத்த ஆளு. வீட்டுக் கூரையிலயும் கொட்டி வச்சிருக்காரே, கரைஞ்சு உள்ள ஒழுகுமே. பொம்பளை இல்லாத வீடு போலருக்கு."

இல்லாத உப்பைக் காண்கிறார், உள்ள பனியைக் காண மறுக்கிறார் என்று எழுதி, ஏழாம் வகையில் போட்டார்கள். நான்காம் வகைக்காரன் ஆறு மாதத்தில் ஏழாம் வகையானது எப்படி என்று நாகராசு தயங்கித் தயங்கிக் கேட்டார். சோதனையால் மனிதன் முன்னேறுவதற்கு அதுவே அத்தாட்சி என்றார் இயக்குநர்.

அன்றைக்கு மீனம்மாள் துவைத்த துணியை உலர்த்த வெளியே வந்தவள், சுவரோரம் நின்ற இருளாண்டியைப் பார்த்துவிட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, இங்க நிக்கிறீங்க?"

"அழகி பாடுதும்மா. அந்தக் கடைசியா இழுக்குதே, அதுதான். அவுக ஆத்தா கொரலு அப்படியே."

மீனம்மாள் ஈரத்துணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். அவள் இரண்டாம் வகை. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை.

"அழகி பாடுறதில்லண்ணே. அதையும் சோதிச்சாக. மூணாம் வகை, மௌனம்னு எழுதிட்டாக. பாடுனா அவ குணம் கெட்டுப் போகுமாம். பாட்டு நேரத்துல அவளத் தனியா ஒக்காரவச்சிருவோம், பயறு பொறுக்கச் சொல்லி."

"அப்ப இது?"

"இது செவந்தி. அதுக்கு ஆருமில்ல."

அந்தப் பாட்டு முடிகிறவரைக்கும் இருளாண்டி அங்கேயே நின்றான். பாதியில் விட்டுப் போனால் செவந்திக்கு என்னவோ போலிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

நாகராசுவுக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. பணிவு என்று எழுதிவைக்கப்பட்டவர், அன்றைக்குப் பணிவை மறந்து நடந்தார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருளாண்டியை உட்காரவைத்து, மடித்து வைத்திருந்த தாளை எடுத்தார். தொண்ணூற்றாறு கேள்விக்கும் இரண்டாம் வகைக்காரர்கள் சொல்ல வேண்டிய பதில் அதில் இருந்தது.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாதீங்க. நெசத்தச் சொல்லாதீங்க. நெசத்துக்கு இங்க மார்க்கு இல்ல."

"அப்ப எதுக்குங்க கேக்குறாக?"

"கேக்கணும்ல."

இருளாண்டிக்குப் படிக்கத் தெரியாது. நாகராசு சொல்லச் சொல்லக் கேட்டு ஒரு வருஷம் மனப்பாடம் பண்ணினான். கடலில் வள்ளத்து ஆட்கள் அவனை வைத்து விளையாடினார்கள். "டேய் இருளாண்டி, பழம் ரெண்டு, புள்ள மூணு!" என்று வள்ளத்தின் முன்முனை அணியத்திலிருந்து ஒருவன் கத்துவான். "எல்லாருக்கும் சமமாப் பகிர்ந்தளித்து, எனக்கென ஏதும் வைத்துக்கொள்ள மாட்டேன்!" என்று இவன் துடுப்பைப் போட்டபடி ஒப்பிப்பான். "அடேயப்பா, நீ ரெண்டாம் வகைடா!" என்று சிரிப்பார்கள். ஒருநாள் கரையில் மீனைப் பிரிக்கும்போது நாக்கில் ஊறிப்போன ஞாபகத்தில் எல்லாருக்கும் சமமாகக் கூறு போட்டுவிட்டான். வள்ளக்காரர் பிச்சைமுத்து துள்ளிக் குதித்தார். "வள்ளப் பங்கு எங்கடா? பொழுதுக்கும் நீங்க என்ன நீந்தியா போனீக?" இருளாண்டி தலையில் அடித்துக்கொண்டு மறுபடி குவித்தான். திரும்பப் பிரித்தபோது ராசாத்தியின் பங்கை எடுத்து வைக்க மறந்துபோனான். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

மூன்றாவது சோதனையில் தொண்ணூற்றாறுக்குத் தொண்ணூற்று நாலு வாங்கினான். பிரிவு தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு அன்பு அகப்பட்டதில்லை. இருபத்துநாலு மணி நேரமும் பிள்ளைகளோடு கிடக்கிற மீனம்மாளுக்கே எழுபத்தொன்றுதான் வந்திருந்தது. இயக்குநர் அந்தத் தாளை இரண்டு முறை கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிள்ளையை உடனே கூட்டிப்போகலாமா என்று இருளாண்டி கேட்டதற்கு, இவ்வளவு பெரிய அன்பைச் சும்மா அனுப்பிவிட முடியாது, ஆண்டுவிழாவில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றுவிட்டார். ஆண்டுவிழாவுக்கு நாலு மாதம் இருந்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் தை மாதம் ஆண்டுவிழா. பந்தல், வாழைமரம், தட்டு நிறைய லட்டு. தலைமை, அரிசி மில் முதலாளி ஒருவர். இருளாண்டி வெள்ளைச் சட்டை வாங்கிப் போட்டு, மடிப்புக் கலையாமல் மேடையோரம் நின்றான். இயக்குநர் பேசினார்.

"பெரியோர்களே! இந்த இரண்டாண்டுகளில் தகுதியற்ற பெற்றோரிடம் ஒரு குழந்தையைக்கூட நாம் ஒப்படைத்ததில்லை. தகுதியுள்ளவர்களிடமும் ஒப்படைத்ததில்லை, அவ்வளவு கவனம்! பதினோரு பேர் கேட்டு வந்தார்கள். பத்துப் பேர் இரண்டாவது சோதனைக்குத் திரும்பி வரவேயில்லை. அதிலிருந்தே அவர்கள் குணத்தைத் தாங்கள் ஊகிக்கலாம். சிலர், பெற்றவர்களுக்கு எதற்குச் சோதனை என்கிறார்கள். நான் என்னையே சோதித்துக்கொண்டவன். முதலாம் வகை: தலைமை. தலைமைக் குணம் உள்ளவரோடு குழந்தைகள் வளரலாகாது என்று புத்தகம் சொல்கிறது. எனவே என் மூன்று குழந்தைகளும் அவர்கள் தாயாரோடு தஞ்சாவூரில் இருக்கிறார்கள். இரண்டு வருஷமாகிறது. அவர்கள் கடிதம் எழுதுவதில்லை. ஆனால் அறிவியலில் நான் விட்டுக்கொடுக்கவில்லை!"

பலமாகக் கை தட்டினார்கள். இயக்குநர் ஒரு கணம் ஏதோ மறந்துவிட்டவர்போல் நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இப்போது நூதனமாக ஒரு நேர்முகச் சோதனை நடக்கும் என்று அறிவித்தார்.

பெண்பிள்ளைகள் பதினேழு பேரைக் கூட்டிவந்து வரிசையாக நிறுத்தினார்கள். பேன் தொல்லைக்காகப் பதினேழு தலையும் மொட்டை. பதினேழும் ஒரே நீல கவுன். இருளாண்டி முதலிலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தான். கடைசியிலிருந்து முதல் வரைக்கும் பார்த்தான். பனைமரத்தில் தன் மண்டையைக் கட்டிப்பிடித்திருந்த இரண்டு கைகளைத்தான் அவனுக்குத் தெரியும். முகம் அப்போது இருட்டில் இருந்தது. அதற்கு முந்திய முகம் மூன்றரை வயசு முகம்.

"பிள்ளைகளே! இங்கே நிற்கும் இவர் உங்களில் யாருடைய தகப்பனார்? அவள் கை தூக்கட்டும்!"

பதினாறு பேர் கை தூக்கினார்கள்.

மில் முதலாளி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பதினாறு!" என்றார் இயக்குநர். "இதுவல்லவோ இரண்டாம் வகை! சோதனை பொய்க்குமா?"

முன்வரிசையில் ஒரு ஒல்லிப் பிள்ளை எட்டிப் பிடிக்கிறாற்போல் விரல் நுனியில் நின்று கையை உயர்த்தியிருந்தது. இருளாண்டி அதன் முன்னால் மண்டி போட்டான். "அழகி" என்றான்.

"ஆமாப்பா" என்றது பிள்ளை. கடைசி எழுத்தை ஒரு இழுப்பு இழுத்தது.

மீனம்மாள் ஓடிவந்து அவன் காதோரம் குனிந்தாள். "இது செவந்திண்ணே. அழகி அங்கிட்டு நிக்கிது."

கை தூக்காத பதினேழாவது பிள்ளை வரிசையின் ஓரத்தில் லட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. செவந்தி அவன் புதுச் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. மீனம்மாள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். இருளாண்டியின் சான்றிதழுக்குக் கண்ணாடி ஏற்கெனவே போட்டாகிவிட்டதால், கை தூக்காததைப் பற்றி யாரும் குறிப்பு எழுதவில்லை. மில் முதலாளி ஒரு கையால் சான்றிதழையும் மறு கையால் அழகியையும் கொடுத்தார். படம் பிடித்தார்கள்.

அறந்தாங்கி பஸ்ஸில் அழகி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி. வீட்டில் தலையணை இருக்கிறது என்று இருளாண்டி சொன்னான். சரிங்க சார் என்றாள். கடல் இன்னமும் அங்கேதான் இருக்கிறது, இப்போதெல்லாம் சும்மா இருக்கிறது என்று சொன்னான். சரிங்க சார் என்றாள். மனப்பாடம் பண்ணிய தொண்ணூற்றாறு பதிலில் இதற்கு எதுவும் பொருந்தவில்லை.

வல்லத்திராக்கோட்டை தாண்டியதும் அழகி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்ல வலது கையைத் தூக்கினாள்.

இருளாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். பிந்தித்தான் தூக்கினாள், தூக்கினாளே! அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு பஸ்ஸில் இருந்தவர்களையெல்லாம் பார்த்து, "எம்மக! எம்மக!" என்று அழுதான். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தானும் அழுதாள். அழகி கையை உருவப் பார்த்தாள். உருவ முடியாமல், மறு கையைத் தூக்கினாள்.

இல்லத்தில் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் அப்படித்தான் கேட்க வேண்டும். சீட்டு நனைந்துவிட்டது.